களத்துக்கு வெளியே ஓர் ஊழியம்

கலாசாலைகளில் விளையாட்டு என்றவுடன் ஆடுவோரையும் கைகொட்டுவோரையும் மாத்திரமே நாம் நினைக்கிறோம். இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் ஆடான், ஆரவாரமும் செய்யான். ஆட்டத்தைப் படம்பிடித்து, பந்து கைமாறுந்தோறும் நேர்ந்ததைக் குறித்து, எதிரணியின் பழக்கங்களைச் சிறு துண்டுகளாக வெட்டித் தொகுத்து, மறுநாட் காலையில் பயிற்சியாளர் முன் வைப்பவன் அவனே. கூடைப்பந்தில் அவனை வீடியோ ஒருங்கிணைப்பாளன் என்பர். இவ்வூழியம் நம் மாணாக்கர்க்கு ஏற்றதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தோர்க்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வலையிழுக்கும் கைகள் பலவாயினும், நீரின் நிறமறிந்து சொல்லும் கண் ஒன்று வேண்டும் என்பதைக் கடற்கரையார் நன்கறிவர். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் மதிக்கப்படும் அக்கண்ணுக்குக் கலாசாலையில் மதிப்பில்லாதது என்னையோ?

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. அதே சங்கத்தின் சார்பில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். ஆட்டத்தை நாம் அன்றே ஏற்றுக்கொண்டோம்; ஆட்டத்தை ஆராயும் கலையை ஏற்கவோ இன்னும் தயங்குகிறோம்.

இக்கலையில் உயர்ந்தோர் இலர் எனல் தகாது. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்பார் 1995-இல் மயாமி ஹீட் அணியில் வீடியோ ஒருங்கிணைப்பாளராகப் புகுந்தார். படிப்படியாக உயர்ந்து 2008-இல் அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2012, 2013 ஆகிய ஈராண்டும் வாகை சூடினார். நம் நகரத்திலும் சான்று உண்டு. 2011-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் அணிக்குக் காணொளி ஆய்வாளராயிருந்தவர் சென்னையைச் சேர்ந்த சி. கே. எம். தனஞ்ஜெய்.

எனினும், ஓர் உயர்ந்த மரத்தைக் காட்டித் தோப்பெல்லாம் அத்தகையது என்று கூறுதல் நேர்மையன்று. இவ்வேலையில் இடங்கள் சில, இரவுகள் நீண்டவை, தொடக்கத்தில் ஊதியம் சொற்பம், அன்றேல் இல்லை. இதனினும் பெரிய இடர் ஒன்றுளது. ஆடுவோன் பெறும் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டின் வாயிலாக வழி திறக்கிறது. படம்பிடித்தவனுக்கு அவ்வாயில் அடைபட்டே கிடக்கிறது. நான் அறிந்த இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியால் ஈராண்டு ஒரு கல்லூரி அணியின் ஆட்டங்களைப் பதிவு செய்தான். அணி வென்ற நாளில் எடுத்த புகைப்படத்தில் அவனுக்கு இடமில்லை. ஏனெனில் அதையும் அவனே எடுத்தான். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. விடுமுறை நாட்களில் கூலிக்குப் போகவேண்டிய வீட்டுப் பிள்ளை அவன்.

இது விளையாட்டுப் பித்தேயன்றித் தொழிலன்று எனப் பெற்றோர் சிலர் கூறலாம். கூர்ந்து நோக்கல், கணக்கிடல், கண்டதைச் சுருங்கச் சொல்லல், தோற்றவன் மனம் நோகாமல் அவன் பிழையைக் காட்டல் ஆகிய இவற்றைப் பயின்றவன் எத்தொழிலிலும் பின்தங்கான். ஆயினும் பட்டப்படிப்பைக் கைவிட்டு இதனை நாடுதல் பேதைமை. படிப்போடு சேர்த்தே பயிலல் வேண்டும்.

ஆதலின் நம் கலாசாலைகள் செய்யத்தக்கன மூன்று. அணிதோறும் ஒரு மாணாக்கனையோ மாணாக்கியையோ இப்பணிக்கு முறையாக நியமித்தல். மாதந்தோறும் சிறிதேனும் உதவித்தொகை வழங்கல். ஆடினோர்க்கு அளிக்கும் சான்றிதழுக்கு நிகரானதொன்றை அவர்க்கும் அளித்தல். இலவசமாய்ப் பெறும் உழைப்பு, இல்லாமையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே வாயிலைத் திறக்கும்.

தாலந்துகளின் உவமையை ஆண்டுதோறும் நம் ஆலய மேடையில் கேட்கிறோம். ஒரு தாலந்து பெற்றவன் அதைப் புதைத்தது குற்றமே. அவன் புதைக்குமாறு நாமே குழி தோண்டிக் கொடுத்தால் அக்குற்றம் யாருடையது?