சொல்லின் கடைசியிலிருந்து

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் சிறுவர்கள், நாலு கோடு நோட்டில் ஏ முதல் இஸட் வரை தனித்தனி அக்ஷரங்களை வளைத்து வளைத்துப் பக்கங்களை நிரப்பிய பின்னரும், ஒரு வார்த்தையைக் கர்சிவில் எழுதச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து பென்சிலைத் தூக்குகிறார்களென்றால், குற்றம் அவர்களுடையதன்று. சேர்த்தெழுத்தின் ஜீவன் எழுத்துகளில் இல்லை, அவற்றை இணைக்கும் கோட்டிலேயே இருக்கிறது. ஆகையால், எண்ணற்ற வினைச்சொற்களின் ஈற்றில் நிற்கும் ஐ-என்-ஜி, ‘ஸ்டேஷன்’, ‘நேஷன்’ முதலியவற்றை முடிக்கும் டி-ஐ-ஓ-என் ஆகிய தொடர்களையே முதற்பாடமாக்கி, கை அவற்றை ஒரே வீச்சில் எழுதும்வரை அப்பியாசம் செய்விப்பதே உசிதமென்பது என் அபிப்பிராயம். விசேஷமாக, ஓ, வி, டபிள்யூ ஆகியவை அடிக்கோட்டுக்கு இறங்காமல் மேலிருந்தே அடுத்த எழுத்தைத் தொடுவதால், அவ்வடுத்த எழுத்தின் தொடக்கமே மாறிவிடுகிற சூட்சுமத்தைத் தனியெழுத்துப் பயிற்சி எவ்வளவு செய்தாலும் காட்டாது. ஓ-வும் என்-னும் சேருமிடம் உடனே காட்டிவிடும். (‘டி’யின் குறுக்குக்கோட்டையும் ‘ஐ’யின் புள்ளியையும் சொல் முடிந்த பிறகே இடவேண்டும், அவசரக்காரப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை வருவது துர்லபம்!) தினம் ஓர் ஈறும், அதைத் தாங்கிய நாலைந்து சொற்களும் போதும், பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுத்து இளம் விரல்களை நோகடிப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.