பதிவேறாத படமும் கிடைக்காத கூலியும்

புது தில்லி: கைப்பேசியில் எடுத்த படத்தை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்ப முயல்வதும், அது பாதியிலேயே நின்றுவிடுவதும், மீண்டும் மீண்டும் முயன்று சலித்துப்போவதும் நகரவாசிகளுக்குப் பழகிப்போன அனுபவம். சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது என்று ஒரு நாள், இணைப்பு அறுந்துவிட்டது என்று மறுநாள் எனத் தடங்கல்கள் தொடர்ந்தாலும், அவற்றால் எவருடைய வயிற்றுப்பாடும் நின்றுபோவதில்லை. இரவில் இன்னொரு முறை முயன்றால் வேலை முடிந்துவிடும்.

ஆனால், இதே தடங்கல் ஊரக வேலைத் திட்டத்தில் மண் வெட்டிக் கொண்டிருந்த தொழிலாளிக்கு நேர்ந்தபோது, அவர் இழந்தது அன்றைய கூலியை. அரசு நிர்வாகம் முழுவதும் காகிதத்திலிருந்து கணினிச் சேமிப்பகங்களுக்கு மாறிவரும் இக்காலத்தில், படமோ ஆவணமோ பதிவேறாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தொழில்நுட்பத்தைத் தாண்டி அரசியல் கேள்வியாகியிருக்கிறது.

இரண்டு படங்கள்

நூறு நாள் வேலை என்று தமிழகத்தில் அறியப்படும் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கென, 2021 மே மாதம் என்எம்எம்எஸ் எனப்படும் கைப்பேசிச் செயலியை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. பணித்தளத்தில் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்வதுடன், அவர்கள் நிற்கும் இடமும் நேரமும் தெரியும்படி ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் 2022 மே மாதம் இது கட்டாயமாக்கப்பட்டது. தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் நீங்கலாக, மற்ற எல்லாப் பணித்தளங்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது.

நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. வேலைக்கு வராதவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கூலியைச் சுருட்டுவது, ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை இயந்திரங்களைக் கொண்டு முடித்துவிட்டு ஆட்கணக்குக் காட்டுவது போன்ற முறைகேடுகள் இத்திட்டத்தில் இருந்தன என்பதை அதன் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை. சிக்கல், நோக்கத்தை நிறைவேற்றத் தேர்ந்தெடுத்த வழியில் இருந்தது.

பணித்தளப் பொறுப்பாளர் தமது கைப்பேசியில்தான் இந்தச் செயலியை இயக்க வேண்டியிருந்தது. கண்மாய்க் கரைகளிலும் மலையடிவாரங்களிலும் அலைபேசிச் சமிக்ஞை சீராகக் கிடைப்பதில்லை. சாதாரணக் கைப்பேசி இணைப்புகளில் தரவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் பொதுவாகவே குறைவு. எனவே, காணொலி பார்க்க முடிகிற இடத்தில்கூட ஒரு படத்தை அனுப்ப முடியாமல் போகலாம். போதாக்குறைக்கு, நாடெங்குமுள்ள பணித்தளங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் படங்கள் வந்து குவிந்தால் மத்திய சர்வர் திணறுவதும் எதிர்பாராததல்ல. எந்த இடத்தில் தடங்கல் ஏற்பட்டாலும், பதிவேட்டில் தெரியும் விளைவு ஒன்றே: தொழிலாளி வேலைக்கு வரவில்லை!

ஜந்தர் மந்தரில் எழுந்த குரல்

செயலி கட்டாயமாக்கப்பட்ட சில வாரங்களிலேயே, 2023 பிப்ரவரியில், தில்லி ஜந்தர் மந்தரில் வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் 100 நாள் போராட்டம் தொடங்கியது. பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் முறைவைத்து வந்து அமர்ந்தனர். அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் திட்டத்துக்கு ரூ. 60 ஆயிரம் கோடி மட்டுமே ஒதுக்கப்பட்டதும் (முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு ரூ. 89,400 கோடி), ஆதார் வழிக் கூலி வழங்கலும் அவர்களது எதிர்ப்புக்குக் காரணங்கள். அவற்றுக்கு இணையாக, செயலி வழி வருகைப் பதிவைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. உழைத்த நாளுக்கும் கூலி கிடைக்கவில்லை என்பதே அவர்களது முறையீட்டின் சாரம்.

அமைச்சகம் சில தளர்வுகளை அளிக்காமல் இல்லை. இணைப்பு இல்லாத இடத்தில் வருகையையும் முதல் படத்தையும் கைப்பேசியிலேயே பதிந்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பலாம் என்றது. முதல் படம் எடுத்து நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது படத்தை எடுக்கலாம் என்றது. தவிர்க்க முடியாத சூழலில், கையால் எழுதிய வருகையை ஏற்கும் அதிகாரத்தை மாவட்ட திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அளித்தது.

காகிதத்தில் இவை நியாயமான தளர்வுகளே. ஆனால், பணித்தளத்தில் பதிவேறாத ஒரு படத்துக்காக, பல மைல் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகர் வரை கோப்பு நகர வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவரால் அக்கோப்பின் பின்னால் எத்தனை நாள் அலைய முடியும்? அலையும் ஒவ்வொரு நாளும் இன்னொரு நாள் கூலியின் இழப்பு அல்லவா?

இன்னொரு நுட்பமான அநீதியும் உண்டு. வருகைப் பதிவேடு முடிந்து 15 நாள்களுக்குள் கூலி வராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்று வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணை கூறியது. பதிவான வேலைக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. வருகையே பதிவாகாத நாளுக்குக் கூலியும் இல்லை, இழப்பீடும் இல்லை. தாமதமாகக் கொடுத்தால் அரசுக்கு அபராதம். கொடுக்காமலே விட்டால் எதுவுமில்லை என்பது விசித்திரமான ஏற்பாடு.

வரி செலுத்துவோருக்கு ஒரு நியதி

அரசின் இணையதளம் பழுதானால் அரசே பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறி இந்தியாவுக்குப் புதிதல்ல. 2021 ஜூன் 7-ஆம் தேதி வருமான வரித் துறையின் புதிய இணையதளம் தொடங்கப்பட்டது. உள்ளே நுழைய முடியவில்லை, படிவங்களைப் பதிவேற்ற முடியவில்லை என்று முதல் நாளிலிருந்தே புகார்கள் குவிந்தன. அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை ஆகஸ்ட் 23-ஆம் தேதி நேரில் அழைத்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கோளாறுகளைச் சரிசெய்ய செப்டம்பர் 15 வரை கெடு விதித்தார்.

கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதி அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மென்பொருள் பிழையால் கூடுதலாக வசூலான வட்டியும் தாமதக் கட்டணமும் திருப்பித் தரப்படும் என்று வருமான வரித் துறை அறிவித்தது. அதாவது, பழுது அரசுத் தரப்பிலுடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. குடிமகன் நட்டப்படக் கூடாது என்ற முடிவும் எடுக்கப்பட்டது. இது முற்றிலும் சரியான நடவடிக்கை. அதே நெறி ஊரகத் தொழிலாளிக்கு ஏன் பொருந்தாமல் போயிற்று என்பதே கேள்வி.

வரி செலுத்துவோருக்குத் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், வர்த்தக சபைகள் இருக்கின்றன, ஊடகங்களின் கவனம் இருக்கிறது. ஏரிக்கரையில் நிற்பவருக்கு அவை எதுவும் இல்லை. குரல் எட்டும் தொலைவைப் பொறுத்து நியதி மாறுகிறது என்ற முடிவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

கெடுவும் உரிமையும்

பதிவேற்றத்துடன் உரிமையைப் பிணைக்கும் போக்கு ஊரக வேலையோடு நின்றுவிடவில்லை. 2025-இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டத்தின்படி, நாட்டிலுள்ள வக்ஃப் சொத்துகளின் விவரங்களையும் ஆவணங்களையும் 'உமீத்' இணையதளத்தில் ஏற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தளம் மெதுவாக இயங்குகிறது, பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து ஏற்றக் காலம் போதவில்லை என்ற முறையீடுகளுடன் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர்களுக்கு, டிசம்பர் 1-ஆம் தேதி பொதுவான கால நீட்டிப்பு மறுக்கப்பட்டது. தனித்தனியே தீர்ப்பாயங்களை அணுகலாம் என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

அவகாசம் டிசம்பர் 6-ஆம் தேதி முடிந்தபோது, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான சொத்துகளின் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. சரிபார்ப்பு முடிந்து ஏற்கப்பட்டவையோ சுமார் 2.16 லட்சம் மட்டுமே. பதிய முயன்றவர்கள் மீது மூன்று மாதங்களுக்கு அபராத நடவடிக்கை இருக்காது என்று சிறுபான்மையினர் நலத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு அறிவித்தது ஓரளவு ஆறுதல். அச்சட்டம் குறித்த அரசியல் கருத்து வேறுபாடுகள் ஒருபுறமிருக்க, கிராமப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் எளியவர் ஒவ்வொருவரும் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும் என்பது, கூலிக்காக மாவட்ட அலுவலகத்தின் படியேறுவதற்கு ஒப்பானதே.

பணியாளர்களும் இந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஊட்டச்சத்துத் திட்ட விவரங்களைச் செயலியில் ஏற்றும்படி பணிக்கப்பட்ட மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த கைப்பேசிகள் அந்த வேலைக்கு உதவவில்லை என்று கூறி, 2021 ஆகஸ்டில் அவற்றைத் திரளாகத் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கலாம்.

யார் யாரைக் கண்காணிப்பது?

இத்தனை சிரமங்களுக்குப் பிறகாவது முறைகேடு ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடியும் படம்பிடித்து அனுப்புகிறார்கள், படத்தில் உள்ளோரின் எண்ணிக்கையும் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று அமைச்சகம் பட்டியலிட்டது. பரிகாரமாக, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் வருகைப் பதிவுகளையும் ஆட்களே சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஏமாற்றத் துணிந்தவர் வழி கண்டுபிடித்துக்கொண்டார். சமிக்ஞை கிடைக்காத அப்பாவிதான் கூலியை இழந்தார். மனிதரை நம்ப முடியாது என்று கொண்டுவந்த கருவியைச் சரிபார்க்க மீண்டும் மனிதரையே நாட வேண்டியதாயிற்று.

வெளிப்படைத்தன்மைக்கு இந்த நாட்டில் வேறொரு மரபு உண்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு நடத்திய பொது விசாரணையில், அரசுப் பணிகளின் கணக்குகள் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. நடக்காத வேலைக்கு எழுதப்பட்ட கணக்குகளை மக்களே அடையாளம் காட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கும், வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலிருந்த சமூகத் தணிக்கைக்கும் வித்திட்டவற்றுள் அத்தகைய விசாரணைகள் முதன்மையானவை. அங்கே கண்காணித்தவர்கள் மக்கள், கண்காணிக்கப்பட்டது அரசு. படம் அனுப்பும் செயலியில் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. பணித்தளத்தில் தொழிலாளியின் கண் முன்னே இருந்த காகிதப் பதிவேடு அவர் பார்வைக்கு எட்டாத சேமிப்பகத்துக்குப் போய்விட்டது. தமது வருகை பதிவாகியிருக்கிறதா என்பதை அன்று மாலை அறியும் வழியும் எழுத்தறிவில்லாத தொழிலாளிக்கு இல்லாமல் போயிற்று.

புதிய சட்டத்தின் முன்னுள்ள கடமை

மகாத்மா காந்தி பெயரிலான சட்டத்துக்கு மாற்றாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'விபி-ஜி ராம் ஜி' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 125 நாள் வேலை என்ற உறுதிமொழியும், செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுமே விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டன. உடற்கூறு அடையாளச் சரிபார்ப்பு, கைப்பேசி வழிக் கண்காணிப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கு அச்சட்டம் அளிக்கும் இடம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. செயலியின் கடந்த கால அனுபவத்தைப் பார்க்கும்போது, தொழிலாளியின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொடுவது இப்பகுதியே.

தொழில்நுட்பமே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. பணித்தளத்தில் தொழிலாளி கையொப்பமிட்ட பதிவேட்டின் நகலுக்குச் சட்ட மதிப்பு அளிக்கப்பட வேண்டும். வருகை பதிவானதும் அதற்கான ஒப்புகை தொழிலாளிக்கு அன்றே கிடைக்க வேண்டும். சர்வர் முடங்கிய நாள்களை அரசே அறிவித்து, அந்நாள்களுக்கான எழுத்து வழிப் பதிவை எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஏற்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாற வேண்டும் என்பது. வேலை செய்தேன் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. செய்யவில்லை என்று கூலியை மறுக்கும் நிர்வாகம்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

125 நாள் என்ற எண் சட்டப் புத்தகத்தில் இருப்பதால் மட்டும் ஒருவருக்கும் கூலி வந்துவிடாது. உழைத்த நாள் ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும். அதை உறுதி செய்யும் விதிகளை வகுக்க வேண்டிய கடமை மத்திய அரசுக்கு உண்டு. செலவில் பங்கேற்கும் மாநில அரசுகளுக்கு அதை வற்புறுத்தும் உரிமையும் உண்டு.