நாலே நாலு பவுண்டு

மெஸ்ஸில் தோசைக்கு க்யூவில் நின்னப்போ ஆரம்பிச்ச தகராறு பாஸ் இது. பாக்ஸிங்கில் பயங்கரமான அடி யாரோடது? ரூம்மேட் யோசிக்கவே இல்லை. "மைக் டைசன்டா! 50 வெற்றி, அதுல 44 நாக்-அவுட். 88 சதவிகிதம்!"

நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "வில்ஃப்ரெடோ கோமஸ்... 44 வெற்றி, 42 நாக்-அவுட், 95 சதவிகிதம்"னு எடுத்து விட்டேன். "யார்றா அது?" தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும்னு பந்தயம்!

கோமஸ், போர்ட்டோ ரிக்கோக்காரர். 1974-ல் முதல் ஃபைட் டிரா. அடுத்து வந்த 32 பேரையும் வரிசையா படுக்க வெச்சார். சூப்பர் பேன்டம்வெயிட் பட்டத்தை 17 தடவை காப்பாத்தினார், பதினேழும் நாக்-அவுட்! அந்தப் பிரிவோட எடை வரம்பு 122 பவுண்டு, அதாவது சுமார் 55 கிலோ. எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் அவ்வளவுதான் இருப்பாங்க!

1978 அக்டோபர்ல நடந்த ஃபைட்டைக் கேளுங்க. எதிரே மெக்ஸிகோவின் கார்லோஸ் ஸாராத்தே. 52 ஃபைட், 52 வெற்றி, 51 நாக்-அவுட். கோமஸ் அப்போ 21 வெற்றி, 21-ம் நாக்-அவுட். ரெண்டு பேரையும் கூட்டினா 73 வெற்றியில் 72! ஆனா, ஸாராத்தே 118 பவுண்டு சாம்பியன். நாலு பவுண்டு ஏறி வந்திருந்தார். அஞ்சாவது ரவுண்டில் கதை முடிஞ்சது. எடை மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், கோமஸ் அப்படிப்பட்ட கில்லாடி.

அதே கில்லாடி 1981 ஆகஸ்ட்ல நாலு பவுண்டு மேலே ஏறினார். லாஸ் வேகாஸ், எதிரே ஃபெதர்வெயிட் சாம்பியன் சால்வடார் சான்செஸ். முதல் ரவுண்டிலேயே கோமஸ் தரையில! எட்டாவதில் ஃபைட்டை நிறுத்திட்டாங்க. சான்செஸோட கடைசிக் கணக்கு 44 வெற்றியில் 32 நாக்-அவுட். 73 சதவிகிதம்தான்!

கோமஸ் பாயின்ட்ஸில் ஜெயிச்சது வாழ்க்கையில ரெண்டே ஃபைட். 1984-ல் ஹுவான் லாபோர்ட், 1985-ல் ராக்கி லாக்ரிட்ஜ். ரெண்டும் மேல் எடையில! கை அதேதான். அதைத் தாங்கிக்கிற உடம்புதான் மாறிடுச்சு. ரேஷியோ நம்ம மார்க் ஷீட் மாதிரி பாஸ்... எவ்வளவுன்னு காட்டும், கொஸ்டின் பேப்பர் ஈஸியா கஷ்டமான்னு காட்டாது.

இன்னொரு குசும்பும் இருக்கு. இந்த சதவிகிதத்தை வெற்றியால வகுக்கிறாங்க. மொத்த ஃபைட்டால வகுத்துப் பாருங்க... 2024-ல் தோத்ததையும் சேர்த்து டைசனுக்கு 59 ஃபைட், 75-க்கு இறங்கிடுவார். கோமஸ் 48 ஃபைட், 87.5.

கால்குலேட்டரோட போய் நின்னேன். ரூம்மேட் கடைசியா ஒண்ணு கேட்டான். "சரிடா, டைசன் உங்க கோமஸை ஒரே ஒரு குத்து விட்டா?"

55 கிலோ. எதிரே 100 கிலோ.

பரோட்டா காசை ஆளுக்குப் பாதி போட்டோம்.