கடல் மீனுக்கு நம்ம போர் தண்ணி ஆகுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறை வைத்து பிளென்னி என்ற கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறான். தோட்டத்து போர் தண்ணீரில் கல் உப்பு கலந்து வளர்க்கலாமா? தொட்டியில் மாற்றும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?
- ஒரு வாசகர், அவிநாசிபாளையம்.

பதில்: பண்ணைக் குட்டை மீன் பற்றித்தான் இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கடிதம் வரும். கடல் மீன் கேட்டு வந்தது இதுதான் முதல்முறை. போர் தண்ணீர், கல் உப்பு இரண்டும் வேண்டாம். தென்னைக்கும் விடாதீர்கள்.

பிளென்னி பெரும்பாலும் விரல் நீளம்தான் இருக்கும். வழுவழுப்பான உடம்பு. பாறைச் சந்தில் வாலை நுழைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்க்கும். கடையில் 'லான்மோவர் பிளென்னி' என்று விற்பது பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்கிற இனம். புதுத் தொட்டியில் பாசி ஏது? வாங்கிவந்த மீன் மெலிந்து மெலிந்து செத்துப்போவது அதனால்தான். வயிறு ஒட்டிய மீனை வாங்கவே கூடாது. துள்ளி வெளியே விழும், அதனால் தொட்டிக்கு மூடி அவசியம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் ஒரு கணக்கில் கலந்திருக்கும். கல் உப்பில் அந்தக் கணக்கு இல்லை. போர் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் வேண்டாத பாசி மண்டும். ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். 200 லிட்டருக்கு 7 கிலோ. தண்ணீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கதைதான்.

யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட் ஆவது உங்களுக்குத் தெரியும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் அதே மாதிரி பாக்டீரியாக்கள்தான் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. பையன்களுக்கு இந்தப் பொறுமைதான் இருப்பதில்லை. சித்திரை வெயிலில் தொட்டி சூடேறாமலும், கரண்ட் போனால் காற்று நிற்காமலும் பார்க்க வேண்டும்.

பவளப்பாறை விஷயத்தில் எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பாறை கட்டும் பவள இனங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அந்த அட்டவணையில்தான். ராமேஸ்வரம் போகிறவர் யாராவது ஒரு துண்டு எடுத்துவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஜெயில் வரைக்கும் போகும். சுட்ட களிமண்ணில் செய்த செயற்கைப் பாறையே போதும், பிளென்னிக்கு ஒளிய ஒரு பொந்து இருந்தால் சரி. முதல் மீனாகக் கோமாளி மீனை வாங்கச் சொல்லுங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தீவனமும் எளிது. பிளென்னி ஆறு மாதம் கழித்து, பாசி படிந்த பிறகு வரட்டும்.

இனி தென்னை. மரத்துக்கு உப்பு போடுவது வழக்கம்தானே என்று கேட்பீர்கள். நாம் போடுவது வருடத்துக்கு ஒன்றிரண்டு கிலோ. வாரம் 20 லிட்டர் மாற்றினால் 700 கிராம் உப்பு, வருடத்துக்கு 36 கிலோ! பாசன நீரில் உப்பின் நிலை 3 தாண்டினாலே பயிர் திணறும், கடல்நீரில் அது 50 சுமார். பக்கத்தில் சின்ன வெங்காயம் இருந்தால் முதலில் அதுதான் போகும். ஒரு வீட்டில் இப்படி ஊற்றி, கிணற்றடிக் கறிவேப்பிலை நுனியிலிருந்து கருகியதை நேரில் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீர் போகும் உறிஞ்சு குழியிலும் விடாதீர்கள், உப்பு கீழே இறங்கிக் கிணற்றுக்கே வரும். மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றிக் காயவையுங்கள். வெயில் நாளில் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். மிஞ்சும் உப்பைச் சுரண்டி மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடலாம்.