தண்ணீருக்குள் தீப்பொறி

கடலடி வெல்டிங்கில் பணம் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் வெல்டிங் ஒரு சிறு பகுதிதான்.

2005 ஜூலை 27. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் பருவமழைக் கொந்தளிப்பில் இருந்தது அரபிக் கடல். கையில் வெட்டுப்பட்ட சமையல்காரர் ஒருவரை 'சமுத்ர சுரக்ஷா' என்ற கப்பலிலிருந்து மும்பை ஹை நார்த் எண்ணெய் மேடைக்கு மாற்ற முயன்றபோது, கப்பல் மேடையின் மீது மோதியது. எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடை அழிந்தது. 22 உயிர்கள் போயின.

தீ கப்பலுக்கும் பரவியது. அதில் இருந்தவர்கள் வெளியேறினார்கள், ஆறு பேரைத் தவிர. அந்த ஆறு பேரும் டைவர்கள். காற்றழுத்தம் ஏற்றப்பட்ட இரும்பு அறைக்குள் இருந்தார்கள். கதவை அப்படியே திறந்திருந்தால் தீ வந்து சேரும் முன்பே இறந்திருப்பார்கள். 36 மணி நேரம் கழித்துத்தான் மீட்கப்பட்டார்கள். கப்பல் ஆகஸ்ட் 1ஆம் தேதி மூழ்கியது.

கடலடி வெல்டருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஐ.டி.ஐ. சான்றிதழுடன் புறப்படும் இளைஞர்களுக்கு யாரும் இந்த அறையைப் பற்றிச் சொல்வதில்லை.

தொழில் நுட்பம் பழையதுதான். சோவியத் பொறியாளர் கான்ஸ்டான்டின் க்ரெனோவ் 1932இலேயே தண்ணீருக்குள் பற்றவைத்துக் காட்டினார். தண்ணீர் புகாத பூச்சுப் பூசிய எலெக்ட்ரோடு, நேர்மின்சாரம் (டி.சி.), மேலே படகில் ஒரு சுவிட்ச். இவ்வளவுதான் கருவி. எலெக்ட்ரோடின் நுனியில் எழும் வில் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைச் சுற்றி ஒரு வாயுக் குமிழை உண்டாக்கிக்கொள்கிறது. உலோகம் உருகுவது அந்தக் குமிழுக்குள். டைவர் 'மேக் இட் ஹாட்' என்று சொன்னால் மேலே இருப்பவர் சுவிட்சைப் போடுவார். 'மேக் இட் கோல்ட்' என்றால் அணைப்பார். எலெக்ட்ரோடை மாற்றும்போது மின்சாரம் ஓடக் கூடாது. எலெக்ட்ரோடுக்கும் எர்த் கிளாம்ப்புக்கும் நடுவே டைவரின் உடல் வரக் கூடாது. பல்லில் உலோகம் அடைத்திருப்பவர்களுக்கு வாயில் இரும்புச் சுவை தட்டும். நாளடைவில் அந்த அடைப்பு அரித்தும் போகும்.

இதைவிட ஆபத்தானது வாயு. வில்லின் வெப்பத்தில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. மூலையிலோ மூடிய குழாய்க்குள்ளோ அது தேங்கினால் அடுத்த பொறியில் வெடிக்கும். குறிப்பாக, ஆக்சிஜனைப் பீய்ச்சி இரும்பை வெட்டும்போது இது நடக்கிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் வாயு வெளியேற வழி செய்வது டைவர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று.

பற்றவைத்த இடத்தின் தரமும் பிரச்சினைதான். சுற்றிலும் உள்ள தண்ணீர் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடுவதால் உலோகம் கெட்டியாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து விரிசலுக்கு வழி செய்கிறது. முக்கியமான எண்ணெய்க் குழாய்கள் என்றால் குழாயைச் சுற்றி ஓர் அறையைப் பொருத்தி, வாயுவைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி, உலர்ந்த நிலையில் பற்றவைக்கிறார்கள். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி3.6 என்ற விதித் தொகுப்பு கடலடிப் பற்றவைப்புகளைத் தரம் பிரிக்கிறது. அதன்படி செய்து காட்டித் தேர்ச்சி பெற்றால்தான் ஒருவர் வெல்டர்.

முதலில் டைவர்

ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் அவர் டைவராக வேண்டும். கம்பெனிகள் தேடுவது வெல்டிங் தெரிந்த டைவரைத்தான். நீந்தத் தெரிந்த வெல்டரை அல்ல. வேலை நாட்களில் பெரும்பகுதி மேடைக் கால்களில் படிந்த சிப்பியைச் சுரண்டுவது, விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது, போல்ட்டை முடுக்குவது, படம் எடுப்பது என்று கழியும். அதுவும் பல இடங்களில் கையே தெரியாத கலங்கலில்.

இதற்கான படிகள் தெளிவானவை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். காது, நுரையீரல், இதயம் ஆகியவற்றை டைவிங் மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். ஆண்டுதோறும் இது தொடரும். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. தரையிலேயே குழாயை எந்தக் கோணத்திலும் பற்றவைக்கக் கை பழகியிருப்பது நல்லது. அதன் பிறகு, மேலிருந்து ரப்பர்க் குழாய் வழியே காற்றைப் பெற்று 50 மீட்டர் வரை இறங்கும் தொழில்முறைப் பயிற்சி. சுற்றுலாத் தலங்களில் தரும் ஸ்கூபா சான்றிதழ் இங்கே செல்லாது. ஐ.எம்.சி.ஏ. என்ற சர்வதேச ஒப்பந்தக்காரர்கள் அமைப்பு ஏற்கும் சான்றிதழையே பெரிய கம்பெனிகள் கேட்கின்றன. கொச்சியில் உள்ள கடற்படை டைவிங் பள்ளியில் பயின்று, கடற்படையை விட்டு வந்த பிறகு எண்ணெய் வயல்களுக்குப் போகிறவர்களும் உண்டு. சொந்தச் செலவில் வெளிநாட்டில் படிப்பவர்களுக்குக் கட்டணம் பல லட்சங்களைத் தொடும்.

அடுத்த படிதான் அந்த இரும்பு அறை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடும். மும்பை ஹையில் ஆழம் சுமார் 75 மீட்டர். கரையில் உள்ளதைப் போல எட்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தம். சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜன் அங்கே போதை ஏற்றும். ஆகவே ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு. அதைச் சுவாசித்தால் குரல் வாத்துக் குரலாகும். உடல் சூடு வேகமாகப் போகும். உடையின் உள்ளே வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த அழுத்தத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் திசுக்களில் கரைந்த வாயு, மூடியைத் திறந்த சோடா போலக் குமிழிடும். மூட்டு வலியில் தொடங்கி வாதம், மரணம் வரை போகலாம். தினமும் இறங்கி ஏறுவதற்குப் பதிலாக டைவர்களைக் கப்பலிலேயே அதே அழுத்தத்தில் வைத்துவிடுகிறார்கள். அதிகபட்சம் 28 நாட்கள். சாப்பாடும் தூக்கமும் அங்கேயே. வேலைக்கு 'பெல்' என்ற கூண்டில் இறங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு கரை அழுத்தத்துக்குத் திரும்ப மூன்று நான்கு நாட்கள் ஆகும். கப்பல் தீப்பிடித்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

சில விளைவுகள் பல ஆண்டுகள் கழித்து வருகின்றன. தோள், இடுப்பு மூட்டு எலும்புகள் ரத்த ஓட்டம் குறைந்து செத்துப்போவது அவற்றில் ஒன்று.

சம்பளமும் கேள்விகளும்

சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கு. அழுத்த அறையில் இருக்கும் நேரத்துக்குத் தனிப்படி. ஆனால் மேற்குக் கடற்கரையில் மழைக்காலம் வந்தால் கடலடி வேலை அடங்கிவிடும். அந்த மாதங்களில் கப்பலும் இல்லை, படியும் இல்லை. ஆகவே ஒரு நாள் சம்பளத்தை 365ஆல் பெருக்கிப் பார்ப்பது தவறான கணக்கு. துறைமுகம், அணைக்கட்டு, கப்பலின் அடிப்பாகம் ஆகிய இடங்களிலும் வேலை உண்டு. அங்கே ஆழம் குறைவு. ஆபத்து குறைவு என்று சொல்ல முடியாது. மதகின் இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்டால், திறந்திருக்கும் சிறு துவாரமே ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

2022 பிப்ரவரியில் டிரினிடாட்டில் எண்ணெய்க் குழாய் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஐந்து டைவர்களை அந்த 30 அங்குலக் குழாயே உள்ளே இழுத்தது. உயிரோடு வெளியே வந்தவர் ஒருவர்தான்.

ஆகவே வேலை தேடிப் போகும் இளைஞர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. மேற்பார்வையாளரின் தகுதி என்ன? தயாராக நிற்கும் மாற்று டைவர் இருக்கிறாரா? பக்கத்தில் அழுத்த அறை இருக்கிறதா? கப்பலைக் கைவிட நேர்ந்தால், அழுத்தம் குறையாமல் டைவர்களை ஏற்றிச் செல்லும் உயிர்காப்புப் படகு உண்டா? மேலே சுவிட்சைப் பிடித்திருப்பவர் யார்?

பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை.