வலைப்பூவில் விளையும் வருவாய்



வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எழுதிப் பொருள் ஈட்ட இயலுமா என்னும் கேள்வி, தருமபுரி மாவட்டத்து இல்லங்களில் இன்று அடிக்கடி எழுகிறது. அதில் வியப்பில்லை. வானம் பார்த்த புன்செய் நிலம் நம்முடையது. பிழைப்புத் தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறும் இளைஞர்கள் நம்மவர்கள். பட்டம் பெற்றும் வெளியூர் சென்று பணியாற்ற இயலாத பெண்மக்கள் நம் வீடுகளில் பலர். கையில் கைப்பேசியும் உள்ளத்தில் ஆர்வமும் உடைய இவர்களுக்கு வலைப்பூ ஒரு வாசலாகுமா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

வலைப்பூ என்பது, தனியொருவர் தம் எழுத்தைத் தாமே இணையத்தில் வெளியிடும் ஏடு. அச்சகம் வேண்டாம், முகவர் வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் பிளாக்கர் தளத்தில் கட்டணமின்றியே தொடங்கலாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமெனில் ஆண்டுக்கு ஓராயிரம் ரூபாய் அளவில் செலவாகும். ஆகவே தொடங்குவது எளிது. வருவாய் எவ்வாறு வருகிறது என்பதே நாம் தெளிய வேண்டிய செய்தி.

முதல் வழி விளம்பரம். 2003-ஆம் ஆண்டில் கூகுள் ‘ஆட்சென்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நம் எழுத்தின் அருகே அந்நிறுவனம் விளம்பரங்களை இடும். விளம்பரம் தந்தவர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு நமக்கு வரும். நம் நாட்டில் ஐ.ஐ.டி. ரூர்கியில் பயின்ற அமித் அகர்வால், 2004-ஆம் ஆண்டில் ஆக்ராவிலிருந்து கணினி நுட்பங்களை விளக்கும் வலைப்பூவைத் தொடங்கி, அதனையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். அவருடைய வாசகர்கள் உலகெங்கும் இருந்தனர். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் முறையாகத் திறக்கப்பட்டது 2018-ஆம் ஆண்டில்தான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் ஐம்பது ரூபாய் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 200 பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் படித்தால், மாதத்திற்கு 6,000 பார்வைகள். கிடைப்பது 300 ரூபாய். கணக்கில் நூறு டாலர் சேர்ந்த பின்னரே கூகுள் பணம் அனுப்பும். நூறு டாலரை 9,000 ரூபாய் என்று கொண்டால், முதற்பணம் கைக்கு வர முப்பது மாதம் ஆகும்! இதற்கிடையில், பத்து டாலர் சேர்ந்ததும் நம் முகவரியைச் சரிபார்க்க ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அந்த எண்ணைப் பதிந்தால்தான் மேற்கொண்டு பணம் வரும். ஆகவே தெருப்பெயரும் அஞ்சல் குறியீட்டெண்ணும் பிழையின்றி இருத்தல் அவசியம்.

மேலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2024-ஆம் ஆண்டு முதல், கூகுளில் ஒன்றைத் தேடினால் பல வேளைகளில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையே முதலில் தோன்றுகிறது. அதைப் படித்ததும் பலர் நின்றுவிடுகின்றனர். எழுதியவரின் பக்கத்திற்கு வருவதில்லை. எங்கும் கிடைக்கும் செய்தியை நாமும் திரும்ப எழுதினால், அதைத் தேடி இனி யாரும் வரமாட்டார்.

இந்த உண்மைகளைச் சொல்லாமல், “மாதம் ஐம்பதாயிரம் உறுதி” என்று ஆசை காட்டுவோர் பெருகிவிட்டனர். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், தாயாரின் காதணியை அடகு வைத்துப் பதினையாயிரம் ரூபாய் கட்டி இத்தகைய பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். அங்கே கற்பித்தது இரண்டே பாடம்: பிறர் கட்டுரைகளைச் சொல் மாற்றி எழுதுவது, நண்பர்களைக் கூட்டிவைத்துத் தம் பக்கத்து விளம்பரங்களை அழுத்தச் செய்வது. மூன்றே மாதத்தில் அவர் கணக்கு முடக்கப்பட்டது. காதணி மீளவில்லை.

அன்பர்களே, அந்த இரண்டாவது பாடம் என்னவென்று சிந்தியுங்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் விளம்பரத்தை அழுத்தும்போது, எங்கோ ஒரு சிறுவணிகரின் பணம் வீணே கரைகிறது. அது நம் பைக்கு வருகிறது. திட்டத்தின் விதி அதைத் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அது பிறர் பொருளைக் கவர்வதேயாகும். முதற்பாடமோ பிறர் உழைப்பைத் திருடுவது; 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கும் முரணானது.

இரண்டாம் வழி பரிந்துரைத் தரகு. அமேசான் போன்ற நிறுவனங்களின் பொருளைப் பற்றி எழுதி, அதை வாங்குவதற்கான இணைப்பைத் தந்தால், அதன் வழியே நிகழும் விற்பனையில் சிறு பங்கு கிடைக்கும். மூன்றாம் வழி, வணிகர் ஒருவர் பணமோ பொருளோ தந்து தம்மைப் பற்றி எழுதச் சொல்வது. இவ்விரண்டும் தவறல்ல, ஆனால் கூலி பெற்றதை மறைப்பது தவறு. பண்டத்தின் குறையை மறைத்து விற்கலாகாது என்பது நாம் காலங்காலமாகக் கற்பிக்கும் வணிக நெறி. நாட்டின் சட்டமும் இன்று அதையே கேட்கிறது. பயனுக்காகப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்திற்குத் துணைபோவோருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நம் பக்கத்தில் எத்தகைய விளம்பரம் தோன்றுகிறது என்பதும் நம் பொறுப்பே. வட்டிக் கடனுக்கு அழைப்பதும் ஆபாசத்தைத் தூண்டுவதும் நம் எழுத்தின் அருகே வரலாகாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசே 2025-இல் சட்டம் இயற்றித் தடைசெய்துவிட்டது. வேண்டாத விளம்பர வகைகளைத் தடுக்கும் வசதி ஆட்சென்ஸ் கணக்கிலேயே உண்டு. தொடங்கிய முதல் நாளிலேயே அதைப் பயன்படுத்துங்கள். வருவாய் சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.

நான்காம் வழியே எல்லாவற்றிலும் சிறந்தது: எழுத்தால் நம்பிக்கையைப் பெற்று, நமது சொந்த ஆக்கத்தையோ அறிவையோ விற்பது. எழுத்தாளர் ஜெயமோகன் 2011-ஆம் ஆண்டில் தம் இணையதளத்தில் வெளியிட்ட கதைகளே ‘அறம்’ என்னும் நூலாகி விற்பனையாயின. 2022-இல் ஆங்கிலத்திலும் வந்தன. இலவசமாகப் படிக்கக் கிடைத்தவற்றைப் பின்னர் மக்கள் விலை கொடுத்தும் வாங்கினர். பா. ராகவன் 2022-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் பேப்பர்’ இணைய வார இதழ், வாசகர் சந்தாவை வருவாயாகக் கொண்டு புறப்பட்டது. 2016-ஆம் ஆண்டு முதல் அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் விற்பனையாகின்றன. நாமே நூலை ஏற்றினால், தெரிவு செய்யும் முறைக்கேற்ப விலையில் 35 அல்லது 70 விழுக்காடு எழுதியவருக்கு உரியது. சந்தா, விளம்பரம், நூல் விற்பனை என்னும் இம்மூன்றாலேயே அச்சிதழ்களும் வாழ்ந்தன. ஊடகம் மாறியது, வாசகரின் நம்பிக்கையே முதல் என்பது மாறவில்லை.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். நம் காலடியிலேயே விடை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த வேளாண் குடும்பத்தினர், வயல்வெளியில் சமைப்பதைக் காணொளியாக்கி 2018-இல் தொடங்கிய அலைவரிசை, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. அவ்வளவு பெரிய வெற்றி எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. எனினும் அவர்கள் காட்டியது இரவல் சரக்கன்று. தம் ஊரையும் தம் கைப்பக்குவத்தையுமே காட்டினர் என்பதைக் கவனியுங்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி விலை வீழ்ச்சியை எவ்வாறு சமாளிக்கிறார்? சித்தேரி மலையின் சாமையை எவ்வாறு பக்குவமாகச் சமைப்பது? பட்டுக்கூட்டை அங்காடிக்குக் கொண்டு செல்வோர் எவற்றைக் கவனிக்க வேண்டும்? புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் எவ்வாறு கெடுகின்றன? ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்துடன் வருவோர் எங்கே கவனமாக இருக்க வேண்டும்? நேரில் கண்டு, கேட்டு, சரிபார்த்து எழுதினால், இவற்றுக்கு ஈடாக எந்த இயந்திரமும் தொகுத்துவிட முடியாது. சாமை முறுக்கு செய்து விற்கும் சகோதரிக்கு, அதைப் பற்றி அவர் எழுதும் பக்கமே கடையாகும். வீட்டில் உருதுவும் பள்ளியில் தமிழும் பயின்ற நம் பிள்ளைகளுக்கு, இருமொழிப் புலமையே ஒரு மூலதனம். நல்ல மொழிபெயர்ப்புகளை வலைப்பூவில் வெளியிட்டால், அதைக் காணும் பதிப்பாளர் பணி தரக்கூடும்.

தொடங்க விழைவோர் சிலவற்றைக் கைக்கொள்ளுங்கள். இருக்கும் வேலையை விடாதீர்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ தொடங்காதீர்கள். ஒரே துறையைத் தேர்ந்து வாரம் ஒரு கட்டுரை வீதம் ஓராண்டு எழுதுங்கள். ஐம்பது கட்டுரைகள் சேர்ந்த பின் விளம்பரத்தைப் பற்றி எண்ணலாம். வரும் தொகைக்குக் கணக்கு வைத்து, வருமானவரிக் கணக்கில் மறைக்காது காட்டுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஆட்சென்ஸ் கணக்கைத் தன் பெயரில் தொடங்க இயலாது. பெற்றோர் பொறுப்பேற்று உடனிருக்க வேண்டும்.

ஓராண்டின் முடிவில் வந்த தொகை சிறிதாயிருக்கலாம். ஆனால் ஐம்பது நல்ல கட்டுரைகளும், பெயரைச் சொன்னால் நம்பும் சில நூறு வாசகர்களும் உங்களுக்கு இருப்பார்கள். புன்செய்க்காரருக்கு இது புதிதன்று. முதல் மழைக்கே எவரும் அறுவடையை எதிர்பார்ப்பதில்லை. உழைப்பு நம்முடையது, ரிஸ்க் அளிப்பவன் இறைவன்.