நாற்காலிக்கு வயசு என்ன?

"நூறு வருஷம் பழசு சார், ஒரிஜினல் பர்மா தேக்கு!"

பழைய மரச்சாமான் கடைகளில் இந்த வசனம் இல்லாமல் ஒரு நாற்காலிகூட கைமாறாது போலிருக்கிறது. அயனம்பாக்கம் மாதிரி இடங்களில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, தாத்தா உட்கார்ந்த நாற்காலிதான் முதலில் வெளியே போகிறது. விற்பவருக்கு அதன் வயது தெரியாது, அதனால் அடிமாட்டு விலை. வாங்குபவருக்கும் தெரியாது, அதனால் யானை விலை. லாபம் நடுவில் இருப்பவருக்கு மட்டும்.

இத்தனைக்கும் நாற்காலி பொய் சொல்லாது. கவிழ்த்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் முதுகுப் பலகை. பூவும் கொடியும் இருந்தால் உடனே "கையால் செதுக்கியது" என்பார்கள். அமெரிக்காவில் 1890-களிலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம், உலோக அச்சால் பூவேலையை மரத்தில் அழுத்தியே நாற்காலிகளைச் செய்து குவித்தார்கள். சியர்ஸ் கம்பெனியின் தபால் விற்பனைப் பட்டியலில்கூட அவை இருந்தன. உளி பட்ட இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கும், இடப்பக்கப் பூவுக்கும் வலப்பக்கப் பூவுக்கும் சின்ன வித்தியாசமாவது இருக்கும். அச்சு வேலையில் ஓரம் மழுங்கி, ஆழம் குறைந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அச்சு என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை, அதுவும் சரித்திரம்தான். ஆனால் செதுக்கு வேலைக்கான விலையை அதற்குக் கேட்பது நியாயமா?

அடுத்து, வளைத்த மரமும் பிரம்புப் பின்னலுமாக வரும் நாற்காலி. மும்பை இரானி ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள். இந்த வகைக்கு மூலவர் மைக்கேல் தோனெட்டின் 14-ம் எண் நாற்காலி. வருடம் 1859. மொத்தமே 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றினார்கள். 1869-ல் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு அதே மாதிரி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. இருக்கை வளையத்தின் உள்பக்கம் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது!

திருகாணியும் பேசும். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. பழுது பார்த்தபோது யாராவது மாற்றியிருக்கலாம், ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எல்லாத் திருகாணியும் அதே ரகம், பக்கத்தில் பழைய துளையே இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

'பர்மா தேக்கு' என்பது வயதுக்குச் சாட்சியே அல்ல. அந்த நாடு தேக்குக் கட்டைகளை முழுசாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதே 2014-ல்தான். மரம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, நாற்காலி எப்போது செய்யப்பட்டது என்பது வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கடையில் விலையை ஏற்றிய அதே 'நூறு வருஷம்', வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாற்காலியை அனுப்பும்போது வம்பாகிவிடும். அப்போது "அவ்வளவு பழசெல்லாம் இல்லை சார்" என்று நிரூபிக்க ஓட வேண்டும்.

ரசீது இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்பதில்லை. ஆதாரம் இல்லாத வயதுக்கு மட்டும் நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? வாங்குபவர்கள் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிக் கதை அடங்கிவிடும்.

விற்பவர்களுக்கும் ஒன்று. பளபளப்புக்காகச் சுரண்டி வார்னிஷ் அடிப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். சீட்டும் முத்திரையும் உப்புத்தாளில் போய்விட்டால் திரும்ப வராது. யார் வாங்கியது, எந்த ஊரில், ஏறக்குறைய எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி இருக்கைக்குக் கீழே ஒட்டி வையுங்கள். வீடு இடிகிற அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், சொல்ல ஆள் இருக்க வேண்டுமே?